வானுக்கு ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை அடியவனை முருகனிடம் ஆற்றுப்படுத்துகிறது. ஏனைய நான்கும் வறியோரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகின்றன. பரிசில் பெற்று வளத்தோடு திரும்பும் கலைஞன், வாடிய முகத்தோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுவான். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எந்த நிலத்தில் எத்தகைய மக்கள் வாழ்வர், எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்ச வேண்டியதில்லை என்றெல்லாம் விரித்துரைப்பான். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் பன்றிக்கு வைத்த பொறிகளையும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்களையும், கால் வழுக்கும் நீர்க்கரைகளையும் ஒன்றுவிடாமல் எச்சரிக்கிறார். அவன் சொல்லைக் கேட்போன் ஐயமின்றிப் புறப்படுகிறான். ஏனெனில், வழி கூறுவோன் அவ்வழியே சென்று மீண்டவன்.

சென்று மீளாத ஒருவன் வழி காட்ட வேண்டி வந்தால் என்னாகும்? வழியே இல்லாத வானத்தில், நள்ளிரவில், பகைவர் நாட்டின் மேல், தன்பின் வரும் பல்லாயிரவருக்கு அவன் ஆற்றுப்படை சொல்ல வேண்டுமாயின்? இரண்டாம் உலகப் போரில் அப்படியொரு பணி தோன்றியது. அதைச் செய்தோரை ஆங்கிலத்தில் 'பாத்ஃபைண்டர்' என்றனர். தமிழில் 'முன்வழிகாட்டிகள்' எனலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். அதே பெயரில் பிரிட்டிஷ் விமானப்படையிலும் ஓர் அணி இருந்தது. 1942 ஆகஸ்டில் டான் பென்னட்டின் தலைமையில் அமைந்த அவ்வணியினர், குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னே பறந்து இலக்குகளின்மேல் வண்ண ஒளிகளை வீசியவர்கள். வானிலிருந்து மண்ணைக் குறித்தவர்கள் அவர்கள். இக்கட்டுரை பேசுவது மண்ணிலிருந்து வானுக்குக் குறி காட்டிய தரைப்படையினரைப் பற்றியது. பாராசூட் எனும் வான்குடையில் இறங்கி, பின்னால் வரும் விமானங்களுக்கு இறங்குகளத்தைக் காட்டுவதே அவர்தம் கடமை.

அவர்கள் ஏன் தேவைப்பட்டனர் என்பதைச் சிசிலித் தீவு உலகுக்கு உணர்த்தியது. 1943 ஜூலை 9ஆம் நாள் இரவு, கேணல் ஜேம்ஸ் கேவின் தலைமையில் ஏறத்தாழ 3,400 அமெரிக்க வான்குடை வீரர்கள் அத்தீவின்மேல் குதித்தனர். காற்று கடுமையாக வீசிற்று. விமானங்கள் வழி தவறின. தீவின் தென்பகுதி எங்கும் வீரர்கள் சிதறி வீழ்ந்தனர். தாம் நிற்கும் மண் சிசிலிதானா என்பதில் தளபதி கேவினுக்கே சிறிது நேரம் ஐயமிருந்தது. அதே இரவில் 144 கிளைடர்களில் பிரிட்டிஷ் வீரர்கள் புறப்பட்டனர். எஞ்சினற்ற அவ்வூர்திகளை இழுத்துச் சென்ற விமானங்களுள் பல, கரை எட்டுமுன்பே கயிற்றைக் கழற்றிவிட்டன. அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. ஏறத்தாழ 250 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். பகைவரின் குண்டுக்கு இரையானோரல்லர் இவர்கள். இடம் அறியாமைக்கு இரையானோர்.

பிரிட்டிஷார் இத்தேவையை முன்னரே ஓரளவு உணர்ந்திருந்தனர். 1942இல் 21ஆம் தனி வான்குடைப் படைப்பிரிவை இதற்கெனவே அமைத்திருந்தனர். அதன் முதல் தலைவர் மேஜர் ஜான் லாண்டர் அதே சிசிலிப் போரில் உயிரிழந்தார். அமெரிக்கர் சிசிலிக்குப் பிறகே முழுமையாக விழித்துக்கொண்டனர்.

இரண்டே மாதங்களில் முதல் பாடம் பயன்பட்டது. 1943 செப்டம்பர் 13ஆம் நாள், இத்தாலியின் சலேர்னோக் கரையில் இறங்கிய நேசப்படை கடலுக்குள் தள்ளப்படும் நிலைக்கு வந்திருந்தது. அன்றிரவே வான்குடை வீரர்கள் துணைக்கு வர வேண்டும். கரையில் இருந்தோர் தகரக் கலங்களில் மணலை நிரப்பிப் பெட்ரோலை ஊற்றினர். ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் அவற்றை வரிசைப்படுத்தினர். விமான ஓசை கேட்டதும் தீ மூட்டினர். இருளில் எரிந்த அந்த ஓரெழுத்தைக் கண்டு விமானங்கள் வந்தன; வந்தவருள் பெரும்பாலோர் களத்திலோ அதன் அருகிலோ இறங்கினர். மறுநாளிரவு உள்நாட்டில், மலை சூழ்ந்த அவெல்லினோப் பகுதியில் இறங்கிய வேறோர் அணிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவ்வணியினர் மலைப்புறங்களில் வெகு தொலைவு சிதறினர். தம்மவர் கையில் இருக்கும் நிலத்தில் குறியிடுவது எளிது. பகைவர் நிலத்தில் குறியிடுவது வேறு கலை என்பதை அவ்விரு இரவுகளும் அடுத்தடுத்துக் காட்டின.

அக்கலைக்கு உற்ற கருவி ஒன்று பிரிட்டனில் உருவாகியிருந்தது. விமானத்தில் இருக்கும் பகுதிக்கு ரெபெக்கா என்று பெயர். தரையில் வைக்கும் பகுதிக்கு யுரேக்கா என்று பெயர். ரெபெக்கா வானொலித் துடிப்பு ஒன்றை அனுப்பி 'எங்கே இருக்கிறாய்?' எனக் கேட்கும். யுரேக்கா அதைக் கேட்டு வேறோர் அலைவரிசையில் 'இங்கே இருக்கிறேன்' என விடை தரும். கேள்விக்கும் விடைக்கும் இடைப்பட்ட கால அளவைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். விமானத்தின் இருபுறமும் உள்ள வாங்கிகளில் எந்தப் பக்கத்தில் விடை வலிமையாக விழுகிறது என்பதைக் கொண்டு திசை அறியப்படும். விமானியின் அருகே சிறு திரையில் நடுக்கோடு ஒன்று தெரியும். ஒளித்தெறிப்பு இடப்பக்கம் நீண்டால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இருபுறமும் ஒத்திருந்தால் நேரே செல்ல வேண்டும். அவ்வளவே.

இக்கருவியின் அழகு அதன் அடக்கத்தில் இருக்கிறது. கேட்டாலன்றி யுரேக்கா பேசாது. ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும் வானொலி நிலையத்தைப் பகைவர் மோப்பம் பிடித்துவிடுவர். கேள்வி வரும்வரை வாய் மூடியிருக்கும் கருவியைக் கண்டுபிடித்தல் அரிது. ஒருவன் முதுகில் சுமந்து குதிக்கக்கூடிய எடைதான் அதற்கு. பகைவர் கையில் சிக்கும் நிலை வந்தால் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும் வெடியும் அதனுள் இருந்தது. எனினும் அதற்கும் குறைகள் உண்டு. களத்தை மிக நெருங்கியதும் அதன் துல்லியம் போதாது. அங்கே கண்ணால் காணும் விளக்குகள்தாம் துணை. ஒரே நேரத்தில் பல விமானங்கள் கேள்வி கேட்டால் யுரேக்கா திணறிவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் முன்செல்லும் விமானம் மட்டுமே ரெபெக்காவை இயக்க வேண்டும், ஏனையவை அதைப் பின்தொடர வேண்டும் என்பது விதி. வகுப்பில் அனைவரும் ஒருசேரக் கேள்வி கேட்டால் ஆசிரியர் படும் பாடு இங்கே நினைவுக்கு வருவது இயல்பே.

இக்கருவியை உருவாக்கியோருள் முதன்மையானவர் இராபர்ட் ஹான்பரி பிரௌன். ஜான் பிங்கர்ட்டன் என்பாரோடு இணைந்து அவர் இதைச் செய்தார். தமிழ் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: இவர் 1916இல் பிறந்தது நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில். அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையோடு தொடர்புடைய படை அதிகாரியின் மகன் அவர். போர் முடிந்ததும் அவர் போர்க்கருவிகளை விட்டு விண்மீன்களை நோக்கித் திரும்பினார். ஆஸ்திரேலியாவின் நாராப்ரியில் தாம் அமைத்த கருவியைக் கொண்டு 32 விண்மீன்களின் விட்டத்தை அளந்தார். இருளில் பறக்கும் விமானத்துக்குத் தரையின் சிறு புள்ளியைக் காட்டியவர், பிற்காலத்தில் தரையில் நின்று வானத்தின் சிறு புள்ளிகளை அளந்தார். 2002இல் மறைந்தார்.

கருவி இருந்தது, ஆட்களும் பயின்றனர். பெருஞ்சோதனை 1944 ஜூன் 5ஆம் நாள் இரவு வந்தது. நார்மண்டிப் படையெடுப்பின் முன்னிரவு அது. 13,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வான்குடை வீரர்கள் பிரான்சின் கோட்டன்டீன் தீபகற்பத்தில் இறங்கவிருந்தனர். அவர்களுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்னதாக, இங்கிலாந்தின் நார்த் விதம் தளத்திலிருந்து 20 டகோட்டா விமானங்கள் முன்வழிகாட்டிகளைச் சுமந்து புறப்பட்டன. ஒவ்வொரு குழுவினரிடமும் யுரேக்காவும், 'டி' வடிவில் வைக்க வேண்டிய விளக்குகளும் இருந்தன. விளக்கின் ஒளி மேல்நோக்கி மட்டுமே தெரியுமாறு மறைக்கப்பட்டிருந்தது. களத்துக்குக் களம் விளக்கின் நிறம் மாறும். யுரேக்கா மோர்ஸ் குறியில் சொல்லும் எழுத்தும் மாறும்.

ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தீபகற்பத்தின் மேற்குக் கரையை எட்டியதும் தடித்த மேகத்திரை குறுக்கிட்டது. முதலில் சென்ற விமானிகள் அதைக் கண்டனர். ஆனால் பின்னே வருவோருக்குச் சொல்ல இயலவில்லை. வானொலியில் வாய் திறவாதிருக்க ஆணை! இதைவிடக் கொடிய முரண் வேறென்ன இருக்க முடியும்? வழி காட்டச் சென்றோர் வழியில் உள்ள இடரைக் கண்டும் ஊமையராய்ப் பறந்தனர். மலைபடுகடாம் பாடிய புலவர் வழுக்கும் கரையைக் கண்டும் வாயடைத்துப் போனதற்கு ஒப்பானது அது.

கேப்டன் ஃபிராங்க் லில்லிமன் 6ஆம் நாள் அதிகாலை 12.15 மணியளவில் குதித்தார். நார்மண்டி மண்ணை முதலில் தொட்ட அமெரிக்க வான்குடை வீரர் என அவரைக் குறிப்பர். அவர் இறங்கிய இடம் உரிய இடமன்று; ஏறத்தாழ ஒரு மைல் விலகியிருந்தது. கையில் இருந்ததோ அரைமணி நேரத்திற்கும் குறைவு. இருளில், வேலிகளைத் தாண்டி, கருவிகளைச் சுமந்துகொண்டு உரிய களத்துக்கு ஓடுவதா? அன்றி, நின்ற இடத்திலேயே விளக்கேற்றுவதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். சாஞ்செர்மேன் த வார்வீல் என்னும் சிற்றூரின் தேவாலயத்தருகே யுரேக்கா இயங்கிற்று, விளக்குகள் எரிந்தன. குறி பிழையான இடத்தில் இருந்தது. ஆயினும் குறி இருந்தது. தாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஓரளவு அறிந்தே அவர் அவ்வாறு செய்தார் என்பதுதான் முக்கியம். கூடிச் சேர ஓரிடம் இருந்தால் சிதறியோர் படையாவர். இடமே இல்லாவிட்டால் சிதறியோர் சிதறியோரே.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி அதே இரவில் கிழக்கே, பிரிட்டிஷார் இறங்கிய பகுதியில் நேர்ந்தது. அங்கே 22ஆம் தனி வான்குடைப் படைப்பிரிவு வழிகாட்ட வேண்டும். புறப்படுமுன் அதன் இளம் அதிகாரிகள் நால்வர் விமானத்தின்முன் நின்று கைக்கடிகாரங்களின் நேரத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நிழற்படம் பெயர்பெற்றது. முகத்தில் கரி பூசிய அந்நால்வரும் அத்தனை கருத்தோடு கடிகாரத்தை நோக்குகின்றனர். நேரம் பிழைக்கவில்லை. இடந்தான் பிழைத்தது. 'கே' என்று பெயரிட்ட களத்துக்குரிய குழுவினர், விமானியின் பிழையால் 'என்' என்று பெயரிட்ட களத்தில் இறங்கிவிட்டனர். தாம் இறங்கியது 'கே' களமே என நம்பினர். கற்றபடி, சற்றும் பிழையின்றி, 'கே' களத்துக்குரிய குறிகளை அங்கே இட்டனர். விளைவு? 'கே' களத்தை நாடி வந்த 8ஆம் வான்குடைப் படையணியின் ஒரு பகுதி அக்குறிகளை நம்பி உரிய இடத்தை விட்டு வேற்றிடத்தில் இறங்கியது.

லில்லிமனின் பிழையையும் இந்தக் குழுவின் பிழையையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. முன்னவர் விலகியதை அறிந்து விளக்கேற்றினார்; பின்னவர் அறியாமலே ஏற்றினர். பின்னவரின் விளக்கு எவ்வளவு ஒழுங்காக எரிந்ததோ அவ்வளவு தீங்கு செய்தது. மங்கிய விளக்காக இருந்திருப்பின் விமானி ஐயுற்றிருப்பான். ஆற்றையோ சாலையையோ தேடி ஒப்பிட்டிருப்பான். தெளிவாக எரிந்த பொய்க்குறி அவனுடைய ஐயத்தையும் சேர்த்து அணைத்துவிட்டது. இதில் அவ்வீரர்களின் மேல் குற்றம் சுமத்த எவர்க்கும் மனம் வராது. இருளில் எறியப்பட்டவன், 'இது எந்த இடம்?' என்று கேட்க ஒருவரும் இல்லாத நிலையில், கேட்டறிய வேண்டிய வினாவை மறந்து கற்ற பாடத்தைச் செய்தான். முன்வழிகாட்டிக்கு முன்வழிகாட்டி கிடையாது. இப்பணியின் துயரம் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கிக் கிடக்கிறது.

அந்த இரவில் வெற்றியும் இருந்தது. 'ஓ' என்னும் களத்தை அமெரிக்க 505ஆம் படையணியின் வழிகாட்டிகள் சரியாகக் கண்டு குறியிட்டனர். அக்களத்தை நாடி வந்தோர் ஏனையோரினும் நன்கு திரண்டு, விடியுமுன்பே சேன்ட் மேர் எக்லீஸ் ஊரைக் கைப்பற்றினர். வேறு சில களங்களில் பகைவர் மிக அருகில் இருந்தமையால் விளக்கேற்றவே முடியவில்லை. மேகத்தில் கூட்டம் கலைந்த விமானங்கள் பலவும் ஒருசேர ரெபெக்காவை இயக்க, முன்னரே அஞ்சியபடி யுரேக்காக்கள் திணறின. 22ஆம் படைப்பிரிவின் தலைவர் மேஜர் ஃபிரான்சிஸ் லெனக்ஸ்-பாய்ட் முதல் நாளிலேயே உயிரிழந்தார். கடிகாரம் நோக்கிய நால்வருள் ஒருவரான லெப்டினன்ட் பாபி த லாட்டூர் அதே மாதம் 20ஆம் நாள் மாண்டார்.

மூன்று மாதங்கள் கழித்து, 1944 செப்டம்பர் 17ஆம் நாள், ஹாலந்தின் ஆர்ன்ஹெம் நகரருகே எல்லாம் நன்றாகத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை நண்பகல், நல்ல வெளிச்சம். 21ஆம் தனிப் படைப்பிரிவு 12 ஸ்டெர்லிங் விமானங்களில் வந்து, பெரும்படைக்கு ஏறத்தாழ 20 நிமிடம் முன்னதாக இறங்கியது. தலைவர் மேஜர் வில்சன் 45 அகவையினர், அத்துறைக்கு முதியவர். ஆயினும் அவரை எல்லாரும் 'பாய்' வில்சன் என்றே அழைத்தனர். அவருடைய படைப்பிரிவில் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த யூத இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பிடிபட்டால் நேரக்கூடியதை எண்ணி ஆங்கிலப் பெயர் பூண்டிருந்தனர் அவர்கள். தம் பெயரையே மறைத்துக்கொண்டோர் பிறர்க்கு இடத்தைக் காட்டும் பணியை ஏற்றனர்! துணிவிரிப்புகளை விரித்து, புகையெழுப்பி, யுரேக்காவை இயக்கி அவர்கள் செய்த பணியில் குறையில்லை. படை குறித்த களங்களில் செம்மையாக இறங்கிற்று. அக்களங்களே பாலத்துக்கு 6 முதல் 8 மைல் தொலைவில் அமைந்தது திட்டமிட்டோரின் பிழை. அதை எந்த விளக்காலும் திருத்த இயலாது.

துயரம் பின்னர் வந்தது. உணவும் மருந்தும் குண்டுகளும் வானிலிருந்து போட வேண்டிய இடம் ஜெர்மானியர் கையில் இருந்தது. சூழ்ந்துகொள்ளப்பட்ட பிரிட்டிஷார் புதிய இடம் ஒன்றைக் குறித்து வானொலியில் செய்தி அனுப்பினர். வானொலிகள் பழுதுற்றிருந்தன, செய்தி உரிய காலத்தில் சேரவில்லை. 19ஆம் நாள் விமானங்கள் வந்தன. கீழே வழிகாட்டிகளும் ஏனையோரும் துணிகளை விரித்தனர், புகையெழுப்பினர், யுரேக்காவை இயக்கினர், கையில் கிடைத்த வெண்துணிகளை எல்லாம் அசைத்தனர். விமானிகளுக்கோ பகைவரின் ஏமாற்றுக் குறிகளை நம்பாதீர், வரைபடத்தில் குறித்த இடத்திலேயே போடுங்கள் என்று அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவர்கள் கடமை தவறவில்லை. கடும் பீரங்கித் தாக்குதலின் நடுவே, தாழப் பறந்து, கொண்டுவந்த அனைத்தையும் பகைவருக்குப் போட்டனர். கீழிருந்தோர் கைக்கு மிகச் சிறு பகுதியே எட்டிற்று.

அன்று ஃபிளைட் லெப்டினன்ட் டேவிட் லார்ட் ஓட்டிய டகோட்டாவின் வலப்புற எஞ்சினில் தீப்பற்றியது. அவர் திரும்பிவிடவில்லை. முதல் சுற்றில் போடாது எஞ்சிய பொதிகளைப் போடுவதற்காக இரண்டாம் முறையும் சுற்றி வந்தார். போட்டு முடித்ததும் இறக்கை முறிந்து விமானம் வீழ்ந்தது. உள்ளிருந்த எண்மருள் ஒருவரே பிழைத்தார். லார்டுக்குப் பின்னர் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவர் உயிரைக் கொடுத்துப் போட்ட பொதிகள் ஜெர்மானியர் கையிலிருந்த களத்தில் விழுந்தன என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. கீழிருந்து அதைக் கண்ட வீரர்களின் நெஞ்சம் எத்தகைய வேதனை உற்றிருக்கும்! நார்மண்டியில் பொய்க்குறி நம்பப்பட்டது; ஆர்ன்ஹெமில் மெய்க்குறி நம்பப்படவில்லை. இரண்டில் எது கொடிது என்று பட்டிமன்றம் வைத்தால் முடிவு காண்பது அரிது.

1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் அதே வினா மீண்டும் எழுந்தது. அமெரிக்க 101ஆம் வான்படைப் பிரிவு அங்கே முற்றுகைக்குள் அகப்பட்டிருந்தது. பனிமூட்டம் வானத்தை மூடியிருந்தது. பீரங்கிக் குண்டுகள் எண்ணி எண்ணிச் செலவிடப்பட்டன. காயமுற்றோர்க்கு மருந்தில்லை. 22ஆம் நாள் சரணடையுமாறு ஜெர்மானியர் விடுத்த அழைப்பைத் தளபதி மெக்காலிஃப் ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டார் என்பது பலரும் அறிந்த கதை. அதன் மறுநாள் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 23ஆம் நாள் காலை வானம் தெளிந்தது. இரண்டு விமானங்களிலிருந்து 20 முன்வழிகாட்டிகள் முற்றுகையின் நடுவே குதித்தனர். வெளியேற வழியில்லாத இடத்துக்குள் விரும்பிச் செல்வோர் எத்தனை பேர் இருப்பர்? நகரின் ஓரத்தில் இருந்த செங்கற்குவியல் ஒன்றின்மேல் அவர்கள் தம் கருவியை நிறுத்தினர். அக்குவியலும் அதன்மேல் குந்தியிருக்கும் வீரரும் நிழற்படமாக இன்றும் உள்ளனர். வீரத்தின் எந்தச் சாயலும் அப்படத்தில் இல்லை. கட்டட வேலைக்கு வந்த ஆள் இளைப்பாறுவது போலவே தோன்றும்.

நண்பகலுக்குச் சற்று முன்பு முதல் விமானங்கள் வந்தன. மாலைக்குள் 241 விமானங்கள் 144 டன் பொருள்களைப் போட்டன. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வான்குடைகள் பனிமேல் இறங்கின. பொதிகளில் மிகப் பெரும்பகுதி உரியோர் கைக்கே வந்தது. இறங்கிய குண்டுகளைப் பீரங்கிப் படையினர் உடனுக்குடன் ஏற்றிச் சுட்டனர். 26ஆம் நாள் பேட்டனின் டாங்கிப் படை முற்றுகையை உடைத்து வந்து சேரும்வரை நகரம் வீழவில்லை. அந்த நான்கு நாட்களையும் செங்கற்குவியலின்மேல் நின்ற கருவி மட்டுமே தந்ததென்பது மிகை. அதுவின்றி வந்திருக்குமா என்று கேட்டால், வந்திராது எனலாம்.

ஐரோப்பாவில் இவ்வாறிருக்க, பர்மாக் காட்டில் இதே பணி வேறு வடிவம் பெற்றது. 1943இல் விங்கேட்டின் சிந்திட் படை ஜப்பானியரின் பின்புலத்துக்குள் நடந்தே சென்றபோது, ஒவ்வொரு அணியோடும் விமானப்படையினர் சிலர் நடந்தனர். பறப்பவனின் கண்ணுக்கு எந்த இடம் தெரியும், எது தெரியாது என்பதைப் பறந்தவனே அறிவான் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. மலாயா சிவில் சேவையில் இருந்த இராபர்ட் தாம்சன் அவ்வாறு காட்டில் நடந்த விமானப்படை அதிகாரிகளுள் ஒருவர். பின்னாளில் மலாயா அவசரகாலத்தின்போது பாதுகாப்புத் துறையில் உயர்பொறுப்பு வகித்தவரும் அவரே. 1948 முதல் 1960 வரை நீடித்த அக்காலத்தில் மலாயாக் காடுகளுக்குள் வாரக்கணக்கில் சென்ற காவற்படையினருக்கு அரிசியும் மருந்தும் வானிலிருந்தே வந்தன. மரவிதானம் நூறு அடிக்கு மேல் மூடிக்கிடக்கும் காட்டில் தரையில் ஏற்றும் விளக்கு எதற்குதவும்? மரங்களை வெட்டி வெளி உண்டாக்க வேண்டும், புகையெழுப்ப வேண்டும், சில வேளை மரவுச்சிக்கு மேலே பலூனை மிதக்கவிட வேண்டும்.

காடு மேலிருந்து பார்ப்போனை எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சிந்திட் வரலாற்றில் மற்றுமொரு சான்று உண்டு. 1944 மார்ச் 5ஆம் நாள் கிளைடர்கள் புறப்படவிருந்த நேரத்தில், 'பிக்காடிலி' எனப் பெயரிட்ட வெளியில் மரக்கட்டைகள் குறுக்கே கிடப்பதை வான்வழிப் படம் காட்டிற்று. படத்தை நம்பி, 'பிராட்வே' என்னும் மற்றொரு வெளிக்குக் கிளைடர்களை அனுப்பினர். பிராட்வேயின் படத்தில் தீங்கு எதுவும் தென்படவில்லை. உயர்ந்த புல்லின் கீழே மரம் இழுத்த பள்ளங்கள் மறைந்திருந்தன. முதலில் இறங்கிய கிளைடர்கள் அவற்றில் சக்கரம் முறிந்து நின்றன. அடுத்து வந்தவை அவற்றின்மேல் மோதின. பலர் மாண்டனர். படம் உரைத்ததும் உண்மை. உரைக்காமல் விட்டதும் உண்மை.

செயற்கைக்கோள் வந்தபின் இப்பணியின் பெரும்பகுதி கருவிகளிடம் சென்றுவிட்டது. தான் நிற்கும் இடம் எது என்ற வினாவுக்கு உள்ளங்கையளவுப் பெட்டி நொடியில் விடை தருகிறது. லாட்டூரும் லில்லிமனும் எதற்குத் தவித்தனரோ அது இன்று எந்த வீரனுக்கும் எளிது. அமெரிக்காவின் 101ஆம் பிரிவில் எஞ்சியிருந்த முன்வழிகாட்டிப் படைப்பிரிவும் 2016 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. சிறகோடு கூடிய தீப்பந்தம் அவர்களின் சின்னம். சலேர்னோக் கரையில் எரிந்த மணற்கலங்களை அறிந்தோர்க்கு அச்சின்னத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 'எந்த இடம்?' என்பதோடு மற்றொரு வினாவும் இருந்ததே. 'அக்குறியை இடுபவன் யார்?' என்னும் அந்த வினாவுக்கு ஆர்ன்ஹெமில் விடை கிடைக்கவில்லை. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர்கள் காட்டுக்குள் இறங்கியபோது மிக எளிய முறை ஒன்று வழக்கத்துக்கு வந்தது. தரையில் இருப்பவன் வண்ணப்புகைக் குண்டு ஒன்றை எறிவான். எறிந்துவிட்டேன் என்று மட்டும் வானொலியில் சொல்வான்; நிறத்தைச் சொல்லமாட்டான். சொன்னால், ஒட்டுக்கேட்கும் பகைவனும் அதே நிறப் புகையை எழுப்பிவிடுவான். மேலிருக்கும் விமானி மரங்களுக்கு இடையே எழும் புகையைத் தேடுவான். கண்டதும், 'மஞ்சள் தெரிகிறது' என்பான். தரையிலிருப்பவன் தன்முன் எழும் புகையைப் பார்ப்பான். அது மஞ்சளாக இருந்தால், 'ஆம், மஞ்சள்' என்பான். அதன் பின்னரே ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கும்.